இறங்கத் தெரிந்தவள் கிளம்பலாம்

என் பெரியம்மாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தில் ஏறியதில்லை. தமிழ்நாட்டைத் தாண்டியது திருப்பதிக்கு மட்டும். ஆனால் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மலேசியாவில் தொடங்கி மேகாங் நதிக்கரை வரை பல மாதம் தனியாகச் சுற்றிவர நான் கிளம்பியபோது, அதற்கு என்னைப் பழக்கியவர் அவர்தான். ஊரில் பலர் அதைத் தைரியம் என்றார்கள். சிலர் திமிர் என்றார்கள். பெரியம்மா அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். கண்ணும் காலும் வாயும் பழகினால் வரும் வேலை. பழகாதவளுக்கு எவ்வளவு தைரியம் இருந்தாலும் வராது. அந்த வேலையை நான் பயின்ற கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். போன நாடுகளின் கதை வேறு.

பெரியம்மா ஆலங்குடி வட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்பு அறிவொளித் தொண்டர். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடுபிடித்தபோது, இராத்திரியில் விளக்கு வைத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவர்களில் ஒருவர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். படிப்பு மையத்துக்கு வரவும், தண்ணீர் எடுக்கவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரு பெண் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்ற எண்ணம். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராக ஒலித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992-ல் நடந்த சைக்கிள் போட்டிகளில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டிக் காட்டினார்கள். குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிகளில் வேலை பார்த்த பெண்களும் இதில் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை பிறகு வட இந்தியப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடமாகவும் ஆனது.

பெரியம்மா எழுத்தைவிடச் சைக்கிளில் கெட்டிக்காரர். லேடீஸ் சைக்கிள் கிடைப்பது அரிது என்பதால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் பயிற்சி. பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பியும் ஓட்டினார்களாம். பெரியம்மா முதல் நாள் யாரையும் ஓட்டவிட மாட்டார். சேலையை எப்படிச் செருகுவது, பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி எப்படி இறங்குவது, அவ்வளவுதான் பாடம். “இறங்கத் தெரியலைன்னாத்தான் பயம் வரும் ஆத்தா. இறங்கத் தெரிஞ்சுருச்சுன்னா ஏற யாரும் சொல்லித்தர வேணாம்” என்பார். பின்னால் ஓடிவரும்போது கேரியரைப் பிடிப்பாரே தவிர ஹேண்டில்பாரைத் தொடமாட்டார். அதை அவர் பிடித்தால் வண்டி எங்கே போக வேண்டும் என்று அவர் முடிவு செய்வதாக ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

என் ஆசையை முதன்முதலில் அவரிடம்தான் சொன்னேன். மருந்துக்கடைக் கணக்கு வேலையில் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்திருந்தேன். எந்தெந்த நாடு, எவ்வளவு செலவு என்றெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தேன். அவர் நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. “ஒவ்வொரு ஊரா சொல்லு. அங்கேருந்து எப்படித் திரும்பி வருவ?” என்றுதான் கேட்டார். போகும் வழி எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. திரும்பும் வழிக்கு இல்லை. “சரி, இறங்குறதுலேருந்து ஆரம்பிப்போம்” என்றார். அன்றைக்கு நான் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன்.

முதல் பாடம் நம் மாவட்டத்துக்குள்ளேயே. போனை வீட்டில் வைத்துவிட்டுப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து எனக்குப் பழக்கமில்லாத ஒரு ஊருக்குப் போய்வர வேண்டும். போனதும் முதல் வேலை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது. கோயில், குளம், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. யாரிடம் கேட்பது என்பதற்கும் அவரிடம் முறை உண்டு. நடந்து போகிறவரிடம் வழி கேட்கக் கூடாது. கடை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். “நடந்து போறவரு சொல்லிட்டுப் போயிருவாரு. கடைக்காரவுக நாளைக்கும் அதே எடத்துல இருக்கணும்ல, தப்பாச் சொல்ல மாட்டாக.” இரண்டு கடைகளில் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துவந்தால் நடக்கலாம். ஒத்துவராவிட்டால் மூன்றாவது கடையில் ஒரு டீ. கேட்கும்போது “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்ற முகம் கூடாது. பாதி தெரிந்தவள் மீதியைச் சரிபார்த்துக்கொள்வதுபோலக் கேட்க வேண்டும். ஹனோயிலும் லுவாங் பிரபாங்கிலும் இந்த முறையை நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

எனக்குக் கடினமாக இருந்தது அடுத்த பாடம்: தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தனியாக ஹோட்டலில் நுழைந்து, நடு மேசையில் உட்கார்ந்து, சோறு கேட்டு வாங்கி, அவசரப்படாமல் சாப்பிட்டு எழுவது எத்தனை முறை நடக்கிறது? பார்சல் கட்டி வாங்கிப்போவோம். பேருந்துக்குள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வருவோம். இல்லையென்றால் வீடு வரும்வரை பட்டினி. பெரியம்மா என்னை அறந்தாங்கி, பொன்னமராவதி, கீரனூர் என்று அனுப்பி ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்து சாப்பிட்டுவரச் சொன்னார். சுவரைப் பார்த்து உட்காரக் கூடாது, வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். போனை நோண்டக் கூடாது. இரண்டாம் முறை குழம்பு கேட்க வேண்டும். பிறகு டீக்கடை வாசல்: ஆண்கள் நின்று குடிக்கும் இடத்தில் நானும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் தொண்டை அடைத்தது. பிறகு பார்வைகள் வந்து விழுந்துவிட்டுப் போவது பழகிப்போனது. தனிப் பயணத்தில் ஒருநாளைக்கு மூன்று வேளை இதுதான் நடக்கிறது. மலை ஏறுவதும் கடல் பார்ப்பதும் எப்போதாவதுதான். தனியாகப் போகப் பயப்படும் பெண்களிடம் பேசிப் பார்த்தால், அந்தப் பயத்தில் பெரும்பங்கு சாப்பாட்டு மேசையிலும் தங்கும் அறையிலும்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அறைப் பாடம் ஒரு கோயில் ஊரில் நடந்தது. தனியாக வந்த பெண்ணுக்கு அறை கிடையாது என்று லாட்ஜ்களில் வரிசையாகச் சொன்னார்கள். “கூட யாரு வந்திருக்கா?” என்ற கேள்விக்கு “நான் மட்டும்தான்” என்ற பதில் எடுபடவில்லை. பெரியம்மா இதை எதிர்பார்த்தே அனுப்பியிருந்தார். மறுமுறை காலையிலேயே போன் செய்து, பெயரும் வரும் நேரமும் சொல்லி, “தனியாத்தான் வர்றேன், ஆதார் இருக்கு, அறை இருக்கா இல்லையான்னு இப்பவே சொல்லிருங்க” என்று கேட்டேன். கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்வது, பணம் கொடுக்கும் முன் அறையைப் பார்ப்பது, தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது, ஜன்னல் கொக்கி, மாடிப்படி எந்தப் பக்கம், கதவுக்கடியில் செருக ஒரு ரப்பர் கட்டை. அறை மனதுக்கு ஒப்பாவிட்டால் காரணம் சொல்லாமல் வெளியே வரவும் பழக வேண்டும். நம் பெண்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எளிதில் வராது. மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நினைத்தே மாட்டிக்கொள்கிறோம்.

பிறகு பாஷை தெரியாத ஊர். ராமேசுவரத்திலிருந்து புவனேசுவரம் போகும் வாராந்திர ரயில் புதுக்கோட்டை வழியாகத்தான் போகிறது. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் ஏறினால், விஜயவாடா, விசாகப்பட்டினம் தாண்டி, எழுத்தும் பேச்சும் புரியாத ஊரில் இறங்கலாம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது என்று இப்போதும் சொல்வேன். கிளம்பும் முன் பெரியம்மா சொன்னது அறிவொளியில் கற்றது: “முதல்ல எண்ணு. ரெண்டாவது ‘வேணாம்’. மூணாவது ‘எவ்வளவு’. ‘வணக்கம்’ எல்லாம் பொறவு பாத்துக்கலாம்.” கையெழுத்துப் போடக் கற்ற பெண்களைவிட, கூலியை எண்ணவும் பேருந்து எண்ணைப் படிக்கவும் கற்றவர்கள்தான் பாதியில் நிற்காமல் வந்தார்களாம். ரயிலில் எதிர் இருக்கைக் குடும்பத்திடம் ஒடியாவில் இருபது வரை எண்ணக் கற்றுக்கொண்டேன். புவனேசுவரத்தில் உதயகிரி, கண்டகிரி சமணக் குகைகளுக்கு வழி கேட்டுக் கேட்டே போனேன். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் கற்படுக்கைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அத்தனை தூரத்தில் வந்து அதேபோல் மலையைக் குடைந்து துறவிகள் தங்கிய இடத்தில் நிற்பது சொந்த ஊர்த் தெருவில் நிற்பதுபோல இருந்தது.

இரண்டாவது ஆசிரியர் ராவுத்தர் மாமா. கோட்டைப்பட்டினத்துக்காரர், அப்பாவின் நண்பர், அந்தக் காலத்துச் சபராளி, அதாவது கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர். எம்.வி. சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1985-ல் தீ விபத்துக்குப் பிறகு அந்தக் கப்பல் ஓட்டம் நின்றுபோனது. மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் பல காலம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். பெரியம்மா காலுக்கும் வாய்க்கும் ஆசிரியர் என்றால், இவர் பைக்கும் காகிதத்துக்கும் காசுக்கும்.

நான் கட்டிய பையை அவர் கட்டிலில் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து, “இது அங்க விக்குமா?” என்று கேட்டார். விற்கும் என்றால் அது வீட்டில் நின்றது. சோப்பு, பற்பசை, குடை, கூடுதல் துண்டு எல்லாம் போயிற்று. அங்கே எளிதில் கிடைக்காததை மட்டும் சேர்த்தார்: மாற்று மூக்குக்கண்ணாடி, மருந்துச் சீட்டோடு மாத்திரைகள், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், என் காலுக்குச் சரியான செருப்பு. உடுப்பு மூன்று செட் போதும் என்றார். ஒன்று உடம்பில், ஒன்று பையில், ஒன்று கொடியில். ஒரு கைலியை எடுத்துப் போட்டு, இது போர்வை, இது துண்டு, இது திரை, இது கோயிலில் தோளை மூட என்று அடுக்கிக்கொண்டே போனார். மாதவிடாய்க்கான பொருளைப் பற்றி அவரிடம் பேசமுடியாது. பெரியம்மாவும் நானும் தனியாக முடிவு செய்தோம். ஊறுகாய் பாட்டிலை அம்மா விடவில்லை. விமானத்தில் கையில் எடுத்துப்போகும் பையில் ஊறுகாய், மிளகாய்ப்பொடி, கொப்பரை எதையும் ஏற்ற விடமாட்டார்கள் என்று மாமா சொன்னபோதுதான் அம்மா சமாதானமானார். பல மலிவு விமானங்களில் கைப்பைக்கு ஏழு கிலோ கணக்கு. கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். சாமந்தி மூட்டைகளுக்கு நடுவே என் பை ஆறரைக் கிலோவில் நின்றது. பிறகு அதை மாட்டிக்கொண்டு நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரம் வரை ஏறி இறங்கச் சொன்னார். ஏறும்போது தோள் வலித்தால் வார் நீளம் தவறு, இடுப்பு வலித்தால் கனமான பொருள் கீழே கிடக்கிறது. கனமானதை முதுகோடு ஒட்டி, நடுவில் வைக்க வேண்டும். அங்கேயே பாறையில் உட்கார்ந்து பிரித்துக் கட்டினேன்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைக்காரர்களுக்குத் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம். பல நாடு போகிறவர்கள் 36 பக்கத்தை விட்டுவிட்டு 60 பக்கப் புத்தகம் வாங்குவது நல்லது. 1,500 ரூபாய்க்குப் பதில் 2,000. காலாவதிக்கு ஆறு மாதத்துக்குமேல் பாக்கி இருக்க வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் போகலாம். நான் கிளம்பியபோது தாய்லாந்தும் விசா கேட்கவில்லை. வியட்நாமுக்கு 90 நாள் வரை இணையவழி விசா கிடைக்கும். மலேசியா, தாய்லாந்து இரண்டுக்கும் வருகை அட்டையை இணையத்தில் முன்பே நிரப்ப வேண்டும். வெளிநாட்டு ரொக்கம் பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர்வரை, இந்திய ரூபாய் 25,000 வரை எடுத்துப்போகலாம். இவை அடிக்கடி மாறும். கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

காசை மாமா மூன்றாகப் பிரித்தார். அன்றாடச் செலவு கைப்பையில். அவசரத்துக்கு ஒரு பங்கு, பாஸ்போர்ட்டோடு, சுடிதாருக்கு உள்பக்கம் ஜிப் வைத்துத் தைத்த துணிப்பையில். மூன்றாவது, வீடு திரும்பும் விமானக் காசு. அது வேறு அட்டையில், வேறு வங்கியில். அதற்கு அவர் வைத்த பெயர் ‘தொடாத காசு’. பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, “அதைத்தான் நான் இறங்குற வழின்னேன்” என்றார். இருவரும் அதற்குமுன் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

குடியேற்றக் கவுண்டரில் பேசவும் ஒத்திகை நடந்தது. மாமா மேசைக்குப் பின்னால் அதிகாரியாக உட்காருவார். கேட்டதற்கு மட்டும், ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். அதற்குக் காரணமும் சொன்னார். 2022-ல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மர் எல்லையில் மியாவதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். அதனால் தனியாகச் சுற்றுலா போகும் இளவயதினரை அதிகாரிகள் துருவிக் கேட்கிறார்கள். கேட்பது நம் நன்மைக்கும்தான். அடுத்த நாட்டுக்கான சீட்டு, முதல் சில இரவுகளுக்கான அறைப் பதிவு, வங்கிக் கணக்கு, இவற்றைக் காகிதமாகவே கையில் வைத்திருக்கச் சொன்னார். போன் அணைந்துபோகும், காகிதம் அணையாது என்பார்.

மூன்றாவது ஆசிரியரை நான் நேரில் பார்க்க வழியில்லை. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. பழைய இதழ்களுக்கும் முதல் பதிப்புகளுக்கும் பெயர்பெற்ற இடம். பயிற்சிக் காலத்தில் ஏ.கே. செட்டியாரின் பயண நூல்களைத் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் ரயில் பாதையில் காரைக்குடிக்கு முன்னால் வரும் கோட்டையூர்தான் அவர் ஊர். 1911-ல் பிறந்தவர். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காகக் கண்டம் கண்டமாக ஒரு லட்சம் மைல் அலைந்து, பழைய படச்சுருள்களைச் சேர்த்து, 1940 ஆகஸ்டில் படத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் எழுத்தில் அவரைப் பற்றி மிகக் குறைவு. பார்த்த மனிதர்களைப் பற்றித்தான் நிறைய. நான் அவரிடம் எடுத்துக்கொண்ட பாடம் அதுதான்: தினமும் இரவில் நோட்டில் எழுத வேண்டும், அதில் ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் குறைக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கு மனம் உள்ளேயே சுழலத் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. அடுத்தவர் பெயர், தொழில், சொன்ன விலை, சமைத்த முறை என்று எழுதப் பழகினால் மறுநாள் கண் தானாக வெளியே திரும்புகிறது.

அதே வாசிப்பில் என் வழித்தடமும் மாறியது. விராலிமலைப் பக்கம் கொடும்பாளூரில் மூவர்கோயிலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஊர் ஒரு காலத்தில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் இருப்பிடம். கொடும்பாளூர் மணிக்கிராமத்தைக் கல்வெட்டுகள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்ற ஊரில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததைச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு நம் வணிகர்கள் அங்கே போய்ச் சரக்கு மட்டும் விற்கவில்லை, குளத்துக்கும் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றே கடற்கரை விடுதிகள் நிறைந்த ஒரு தீவைப் பட்டியலில் அடித்துவிட்டுத் தக்குவாபாவை எழுதினேன்.

கிளம்பும் வாரத்தில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பயணம் சொல்லிக்கொள்ளப் போனேன். இந்த வழக்கத்தை நான் விட்டுவிடலாம் என்றிருந்தேன், பெரியம்மா விடவில்லை. “சொல்லாமப் போனா ஓடிப்போனவ. சொல்லிட்டுப் போனா பயணம் போனவ” என்றார். வீட்டுக்கு வீடு திருநீறு பூசி, கையில் நூறு, இருநூறு வைத்தார்கள். என்னைத் திமிர் பிடித்தவள் என்று பேசிய சித்தப்பாவும் வாசல்வரை வந்து, “வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணு” என்றார். அம்மாவோடும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். தினம் பேசுவதாக வாக்குக் கொடுக்கவில்லை. ஊர் மாறும்போது மட்டும் ஊர்ப் பெயரும் தங்குமிடமும் குறுஞ்செய்தியில் வரும். இரண்டு நாள் தாண்டி ஒன்றும் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற தாளை அம்மாவிடம் கொடுத்தேன். தினம் ஒருமுறை என்று வாக்குக் கொடுத்தவர்கள் சிக்னல் இல்லாத ஒரு நாளில் வீட்டையே கலக்கிவிடுவார்கள்.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்து அந்த வாசலைத் தாண்டித்தான் திருச்சிக்குள் போகும். சின்ன வயதிலிருந்து ஜன்னல் வழியே பார்த்த இடத்தில், நடத்துனரிடம் “ஏர்போர்ட்” என்று சீட்டு வாங்கி நான் மட்டும் இறங்கினேன். யாரும் வழியனுப்ப வரவில்லை. அதுவும் பெரியம்மாவின் ஏற்பாடு. கவுண்டரில் அதிகாரி எதற்குத் தனியாகப் போகிறீர்கள் என்று கேட்டார். “ஊர் பார்க்க, சார். அடுத்த சீட்டு, அறைப் பதிவு இருக்கு” என்று காகிதத்தை நீட்டினேன். முத்திரை விழுந்தது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கிலும் தமிழ் போதும். விலையை ‘வெள்ளி’யில் சொல்கிறார்கள். பினாங்கு வாட்டர்ஃபால் சாலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில், எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வணிகம் செய்யப் போனவர்கள் கட்டிய அந்த நீண்ட மண்டபத்தில் உட்கார்ந்தபோது, பயணம் இன்னும் தொடங்கவில்லை என்றே தோன்றியது. நம்மவர்களிடமே தங்கித் தங்கிப் போனால் விருந்தாளியாகத்தான் இருப்போம். தங்கும் விடுதியில் இந்தூர்ப் பெண் ஒருத்தி என் ஊரைக் கேட்டாள். புதுக்கோட்டை என்றதும் எழுந்து உட்கார்ந்து, “சைக்கிள் ஊரா?” என்றாள். எட்டாம் வகுப்பில் அந்த இந்திப் பாடத்தைப் படித்தவள். என் பெரியம்மா அதில் கற்றுக்கொடுத்தவர் என்றேன். அன்று இரவு அவளுக்கு வீடியோ அழைப்பில் பெரியம்மாவைக் காட்ட வேண்டியிருந்தது.

உண்மையில் நான் இறங்கிய இடம் பாடாங் பெசார். ஒரே ரயில் நிலையத்துக்குள் மலேசியா வெளியே அனுப்புகிறது, அடுத்த ஜன்னலில் தாய்லாந்து உள்ளே எடுக்கிறது. கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்கு வைக்க வேண்டும். அதன்பிறகு ஒரு எழுத்துகூடப் புரியாது. ஹாட் யாய் போகும் ரயிலில் எதிரே மீன்கூடையோடு வந்த அம்மாவிடம் விரல் விட்டு எண்ணக் கேட்டேன். நுங், சோங், சாம். ஊர் சேர்வதற்குள் இருபது வந்துவிட்டது. நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக, தக்குவாபா திசைக்கு மறுநாள் பேருந்து எப்போது என்று இரண்டு கடைகளில் கேட்டேன். இரண்டும் ஒத்துவந்தன. அறையைப் பார்த்தேன், தாழ்ப்பாளை இழுத்தேன், மாடிப்படி இடப்பக்கம்.

பொழுது சாய்ந்தது. பெரியம்மாவின் கணக்கில் இது கதவை மூடிக்கொள்ளும் நேரம். ஆனால் ஜன்னலுக்குக் கீழே தெரு அப்போதுதான் விழித்தது. விளக்குகள், வறுக்கும் புகை, வரிசையாகத் தள்ளுவண்டிகள். முக்காடிட்ட பெண்கள் ரொட்டி போடுகிறார்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் கூட்டமாகச் சாப்பிடுகிறார்கள். அங்கே ஊரே இருட்டிய பிறகுதான் சாப்பிடுகிறது. ஊரில் கற்ற விதியைக் காப்பாற்றினால் நான் பிஸ்கட் தின்றுகொண்டு அறையில் கிடக்க வேண்டும். பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

“வெளிச்சம் இருக்கா?”

“பகல் மாதிரி இருக்கு பெரியம்மா.”

“பொம்பளைங்க கடை போட்டிருக்காகளா?”

“பாதிக்கு மேல பொம்பளைங்கதான்.”

“ரூமுக்கு நடந்தே வந்துரலாமா?”

“ஜன்னல்லேருந்து தெரியுது. ஒரே தெரு.”

“அப்ப என்னைய எதுக்குடி கேக்குற? போய் உக்காந்து சாப்பிடு. ரெண்டாவது தடவை குழம்பு கேளு.”

தெருவைப் பார்த்தபடி இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா ஒரு தட்டில் ரொட்டியும் கிண்ணத்தில் மஞ்சள் குழம்பும் வைத்தார். எவ்வளவு என்று கேட்டேன்; அவர் சொன்ன எண் புரிந்தது. குழம்பை இன்னொரு முறை கேட்டு வாங்கினேன்.